அடியில் இருந்த பெயர்

புளித்தண்ணீர் வாசனை வந்தால் எனக்குச் சோறு இறங்காது. பழைய காசு சேர்க்கும் கிறுக்குப் பிடித்த என் மகன், நேற்று என் அம்மாவின் வெள்ளி ரூபாயை வாங்கிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டான். இன்று கடைகள் எழும்பிவிட்ட எங்கள் பாப்பாரப்பட்டிக் கிணற்றடி, துவைகல்லோடு அப்படியே கண்முன் வந்து நின்றது.

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய அப்பா கொண்டுவந்த ரூபாய் அது. காசிலிருந்த ராஜா தலையை அரத்தால் ராவிவிட்டு, அந்த இடத்தில் தன் கையாலேயே 'முனியம்மா' என்று வெட்டி, பக்கத்தில் ஒரு பூவும் போட்டு, வளையம் பற்றவைத்திருந்தார். எழுத்தறியாத அம்மா அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் காட்டினாள். ஒருநாள் வெயிலில் சாய்த்தபோது, தன் பெயருக்கு அடியில் சரியாக ராவாத, இன்னொரு பெயர் போன்ற எழுத்துகளையும், அதன் பக்கத்தில் இன்னொரு பூவையும் பார்த்துவிட்டாள்.

"அது எவனோ வெட்டின காசு புள்ள" என்றார் அப்பா.

"பூ ரெண்டும் ஒரே கை போட்டதாட்டம் இருக்குதுங்களே."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து, புளியும் சாம்பலும் வைத்து, கழுத்துக் கயிறு நனைய, விரல்நுனி வெளுக்க, சாகிற வரைக்கும் கரகரவென்று தேய்த்தாள். பளபளப்புக்கென்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொண்டார்கள்.

மகன் காசைத் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

"அம்மா, ஆயாவுக்கு சரோஜான்னு இன்னொரு பேரு இருந்துச்சா?"

வாங்கிப் பார்த்தேன். முனியம்மா முழுக்கத் தேய்ந்து போயிருந்தாள். அப்பா அம்மாவின் பெயரை மேலோட்டமாகத்தான் வெட்டியிருக்கிறார்.