மேரியக்கா வீட்டுச் சாவி

அந்துருண்டை வாசனை வந்தாலே எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று திரும்பிவிடுகிறது. மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் வெளிநாடு போகிறோம். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் பீரோவில் உருண்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். "சாவிய யார்கிட்டங்க குடுக்கிறது?" என்றேன். கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எதுக்கு? அதான் கேமரா மாட்டியாச்சே. அங்கிருந்தே பாத்துக்கலாம்."

கேமராவாம்! நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஒரு சாவிக்காக நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் மேரியக்கா. நெல்லிக்குப்பத்துக்காரி, வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை. மூத்த மகளுக்குப் பம்பாயில் பிரசவம் என்று ஒரு மே மாதம் இருவரும் இரண்டு மாதத்துக்குக் கிளம்பினார்கள். நெய்வேலித் தூசியோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத் தெரியும், வீட்டைச் சும்மா பூட்டிவிட்டுப் போக முடியாது. ஜன்னல் இடுக்குகளில் பழைய புடவையைக் கிழித்து அடைத்தது நான். மெத்தையைச் சுருட்டிக் கட்டியது நான். பீரோவில் அந்துருண்டை போட்டது நான். டிவிக்குப் போர்வை போர்த்தி, எலி வருமென்று பருப்பு டப்பாக்களைத் துடைத்துக் கவிழ்த்ததும் நான்தான். இடையிடையே தோட்டத்துப் பலாமரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். மே மாதத்தில் சாவி யாரிடமோ, பலாப்பழமும் அவர்களுக்குத்தான். எங்கள் பிளாக்கில் அப்படித்தான் வழக்கம்.

கிளம்பும்போது மேரியக்கா ஒரு தூக்கில் இட்லி மாவையும் பாதி மூடித் தேங்காயையும் என் கையில் கொடுத்தாள். "கெட்டுப்பூடும், வெச்சிக்கோ." பிறகு, பின்வரிசைக்குப் புதிதாகக் குடிவந்திருந்த கமலாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தாள். எனக்கு மாவு, அவளுக்குச் சாவி! அன்று ராத்திரி அந்த மாவில் இட்லி ஊற்றிப் பிள்ளைகளுக்கே போட்டேன்; நான் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

அதற்கப்புறம் கமலா அங்கே என்னதான் செய்கிறாள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. கேட் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வேலிக்கு ஓடுவேன். செடிக்குத் தண்ணீர் விடாத நாளில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம். வாசல் லைட்டை அணைக்க மறந்துவிட்டாளானால், "ஏம்மா, பகல்லயும் எரியுதே!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். அவளும் சளைத்தவள் இல்லை; நான் நிற்பதைப் பார்த்தால் கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டுவாள். பலா பழுத்ததும் பாதியை அறுத்து எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கே வந்து நின்றாள், பாவி.

"எங்க வீட்ல யாரும் பலாப்பழம் தொடவே மாட்டோம்" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் இரண்டும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

திரும்பி வந்த மேரியக்காவிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளே வேலியருகே வந்தாள். "இன்னாடி, சாவிக்கா இம்மாம் கோவம்?"

"எனக்கென்ன கோவம்? உங்க வீடு, உங்க சாவி."

"உங்கிட்ட குடுத்திருந்தா நீ மட்டுந்தான் பாத்துகினு இருந்திருப்ப. அவகிட்ட குடுத்தா நீ நாள் பூரா வேலியிலயே நின்னுகினு பாப்ப. நீ பாக்கறன்னு அவளும் ஒழுங்கா பாப்பா. எங்க வூட்டுக்கு ரெண்டு காவலு!"

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்! அந்தக் கன்னத்தில் ஒரு கிள்ளு கிள்ளலாமா என்றிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

மேரியக்கா இப்போது இல்லை. கமலா எந்த ஊரில் இருக்கிறாளோ. அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையே ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடக்கிறது. இங்கே வடக்குத்தில் எங்களுக்கு இரண்டு பக்கமும் மாடி வீடுகள். நேற்றுப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "ஆறு மாசம் இருக்க மாட்டோம்மா" என்றேன். "ஓகே ஆன்ட்டி, ஹேப்பி ஜர்னி" என்று ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள். எங்கே போகிறீர்கள், எதற்கு, சாவி யாரிடம், ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வாசல் மாமரத்தை அவள் ஒருதரம்கூட அண்ணாந்து பார்த்ததில்லை.

இன்றைக்கு எனக்குப் பொறாமை மேரியக்காமேல்தான். வீட்டைப் பூட்டிவிட்டுப் போக அவளுக்கு நான் இருந்தேன்.