முடியாது என்ற சொல்லுக்கு ஒரு விருது

உளவியல் துறையில் அந்த ஆண்டு விருது வாங்கியவர்களில் முதல் ஆள் புகழேந்திதான். டெல்டா மக்கள் ஏன் ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. நடவு வயல், நெல் மண்டி என்று அலைந்து விசாரித்து எழுதியது. தஞ்சாவூரில் இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். அந்தச் சொல்லை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தற்காலிக விரிவுரையாளராகவே தலை நரைத்துவிட்டது. எப்போது நிரந்தரமாகும் என்று மனைவி செவ்வந்தி கேட்பதைக்கூட விட்டுவிட்டாள். இந்த நிலையில்தான் சீர்காழிக் கல்லூரி ஒன்றில் நிரந்தர வேலைக்கு நேர்காணல் வந்தது, வெள்ளிக்கிழமை காலையில். வயது வரம்பைப் பார்த்தால் இதுதான் கடைசி வாய்ப்பு. துறைத்தலைவர் அமிர்தலிங்கம் சாதனையாளர் பாராட்டு விழாவை வைத்ததும் அதே காலையில்தான்.

புகழேந்தி கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். மாணவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முறைதான். நிமிர்ந்து நில், கண்ணைப் பார், முடியாது என்று சொல். காரணம் மட்டும் சொல்லாதே, சொன்னால் பேரம் ஆரம்பித்துவிடும். கண்ணாடிக்குள் இருந்தவர் நன்றாகவே பயந்தார்.

அமிர்தலிங்கம் பயப்படுகிற ஆள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் காபி வரவழைத்தார்.

“தம்பி, பேனர், பொன்னாடை, மைக்ல பேர் கூப்பிடுறது எல்லாம் நீங்கதான். நீங்க இல்லாம விழாவே இல்ல. வெள்ளிக்கிழமை வேற வேலை ஒண்ணும் இல்லையே?”

“இல்லைங்க சார்.”

வெளியே வந்து தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார். அப்போதுதான் சுடர்விழி நினைவுக்கு வந்தாள். அவரிடம் பயிற்சி பெற்ற முதுகலை மாணவி, விழாவில் அவளுக்கும் விருது. கெட்டிக்காரி, தனியாளாகவே எல்லாவற்றையும் நடத்திவிடுவாள்.

“விழா வேலையெல்லாம் நீ பாத்துக்கிறியாம்மா?”

அவள் நிமிர்ந்து நின்றாள். கண்ணைப் பார்த்தாள்.

“முடியாது சார்.”

எவ்வளவு சுத்தமாகச் சொல்லிவிட்டாள்! பெருமையில் அவருக்குக் கண் கலங்கியது. பொன்னாடை வாங்க அவரே கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை அவரே மைக்கில் தன் பெயரை அழைத்தார், அவரே ஓடிப்போய் மேடையேறினார். கடையில் பொன்னாடை வாங்கும்போது தன்னைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்ததால் ஒன்று குறைந்தது. சிறப்பு விருந்தினருடையதை இரவல் வாங்கிப் போட்டார்கள். படம் எடுத்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“எங்கிட்ட ஒருநாளும் முடியாதுன்னு சொல்லாத மனுஷன்! இவரு ஆராய்ச்சிக்கு இவரே சாட்சி!” என்றார் அமிர்தலிங்கம். அரங்கம் கைதட்டியது. புகழேந்தியும் தட்டினார்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தனியாகப் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சுடர்விழி வேகமாக வந்தாள்.

“சார், எங்க அத்தை சீர்காழி காலேஜ்லதான் வேலை பாக்குறாங்க. இப்ப போன் பண்ணாங்க. இன்டர்வியூல உங்க பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அதுக்குப் போகணும்னுதான் அன்னைக்கு என்னைக் கேட்டீங்களா?”

அவர் பேனரின் அடுத்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எல்லாத்தையும் பாத்திருப்பேனே சார்! ஏன் சொல்லல?”

தனக்கு ஒன்று வேண்டும் என்று வாய்திறந்து கேட்பதற்கு அவருடைய பயிற்சியில் பாடமே இருக்கவில்லை.

“தம்பி, நாற்காலியெல்லாம் எண்ணி அனுப்பணுமே!” சாப்பாட்டுப் பந்தியிலிருந்து அமிர்தலிங்கத்தின் குரல்.

“இதோ வந்துட்டேங்க சார்” என்றார் புகழேந்தி.