சத்தியநேசனின் சட்டை

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் ஆய்வுத் திட்டத்தில் பெர்சிஸுக்கு வேலை. பூச்சிமருந்து அடிப்பவர்களின் தோல் வழியாக உடம்புக்குள் எவ்வளவு மருந்து இறங்குகிறது என்ற விவரங்களைத் திரட்ட வேண்டும். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத்தோட்டங்களுக்குப் போய், வேலையாட்களின் முதுகிலும் கையிலும் பஞ்சுத்துணி ஒட்டிவிடுவாள். வேலை முடிந்ததும் உரித்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாள். வருகிற அளவுகளைக் கணினியில் ஏற்றுவாள்.

அவளுடைய அண்ணன் சத்தியநேசனுக்கும் அங்கே வாழை உண்டு. மருந்தடிக்கும்போது ஒரு பழைய சட்டையோடு சரி.

"ஏட்டி, குடிச்சாத்தான மருந்து கொல்லும்? மேல பட்டா என்ன செஞ்சிரும்?" என்று சிரிப்பான். வேர்த்த தோலில் இன்னும் சுலபமாக இறங்கும் என்று அவளும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

ஒரு கோடை மத்தியானம், முதுகில் மாட்டியிருந்த மருந்து டேங்க் கசிந்து சட்டை ஊறிப்போனது. இன்னும் கொஞ்சந்தானே என்று முழுத்தோட்டத்தையும் முடித்துவிட்டே வீட்டுக்கு வந்தான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டவன் வாந்தியெடுத்துச் சரிந்தான். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தான். பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து பெர்சிஸ் வேலைக்குத் திரும்பினாள். அண்ணன் மனைவி சாலோமி மதினிக்குச் சோறு தங்கவில்லை, ஓயாத தலைவலி என்று ஊரிலிருந்து சேதி வந்தது. அழுது அழுது இப்படி ஆகிவிட்டாள் என்றார்கள். பெர்சிஸும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பார்க்கப் போனாள்.

சாலோமியின் ஒரு கன்னம் சிவந்து தடித்திருந்தது. தலையணைமேல் அண்ணனின் அந்தச் சட்டை. துவைக்கவே இல்லை. தலைவலிக்கும் வாந்திக்கும் காரணம் பெர்சிஸுக்குப் பளிச்சென்று புரிந்தது.

"மதினி, இதுலயா படுக்கிய?"

"துவைச்சா அவுக வாசம் போயிருமேட்டி."

"அது அண்ணன் வாசம் இல்ல மதினி. மருந்து வாசம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கல்யாணம் ஆனதுல இருந்து அவுக மேல இந்த வாசந்தான்."

பெர்சிஸ் பையிலிருந்த ரப்பர் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு சட்டையைப் பிடித்தாள். சாலோமி மறுமுனையை விடவில்லை. "உங்க அண்ணனக் கொண்டுட்டுப் போவாத, பெர்சிஸ்" என்று கதறினாள். அந்த மெலிந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெளியே வைத்தாள். மதினியின் முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, டாக்டரிடம் கூட்டிப்போனாள். வழியெல்லாம் இருவரும் அழுதார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

சட்டையையும் சோதிக்கலாமே என்று, நடந்ததைக் கேள்விப்பட்ட திட்டத்தின் பேராசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பெர்சிஸ் கொடுத்தாள். முதுகுப் பக்கத்துத் துணியில் இருந்த மருந்தின் அளவு வந்தபோது, வேறு யாரிடமும் விடாமல் தானே ஏற்றினாள். ஏற்றி முடித்து, நாற்காலியிலேயே குனிந்து வாய்விட்டு அழுதாள்.

சாலோமிக்கு உடம்பு தேறிவிட்டது. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறாள். பெர்சிஸ் பக்கம் திரும்புவதில்லை.