குவாரியில் ஒரே நாற்காலி

திருமயத்துக்குப் பக்கத்துக் கல் குவாரியில் என் கணவர் ஆறு வருடமாகப் பாறையில் துளை போடுகிறார். மதியம் ஒரு மணிக்குச் சைரன் ஊதி வெடி வைப்பார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். புகை அடங்கியதும் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அது வந்த பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

சென்ற மாதம், ஆள் ஏறாமலே துளை போடும் இயந்திரம் வந்தது. அரை கிலோமீட்டர் தள்ளி ஏசி கேபினில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கைப்பிடியை அசைத்தால் போதும். தூசி இல்லை, கல் தெறிக்காது. ஆனால் இருப்பது ஒரே நாற்காலி. துளை போடுகிறவர்கள் மூன்று பேர். ஆளுக்கு இரண்டு நாள் உட்காரவைத்துப் பார்த்து ஒருவரை எடுப்பார்களாம். மற்ற இருவருக்கு வேலை இல்லை.

அவருடைய முதல் நாள். வெடிச் சத்தம் கேட்டது, மிஸ்டு கால் வரவில்லை. கேபினுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று அவர் காலையிலேயே சொல்லியிருந்தார். நினைவிருந்தது. ஆனாலும் ஏசி கேபினில் மின்கசிவு வராதா? இயற்பியல் படித்திருக்கிறேன், இதற்காவது உதவுகிறது. ஒன்றரை மணிக்கு, கைக்குழந்தையான மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, குவாரி ஆபீசுக்குப் போன் செய்தேன். சூப்பர்வைசர் எடுத்தார்.

"அண்ணே, அவுகள கொஞ்சம் பாத்துட்டு வாரீங்களா?"

"ஏம்மா, புள்ளைக்கி ஏதும் முடியலையா?"

"இல்லண்ணே, புள்ள நல்லா..."

அதற்குள் ஓடிவிட்டார்.

மாலையில் வந்த கணவரின் சட்டையில் துளி தூசியில்லை.

"ஆறு வருசமா வெடிக்குத் தப்பிச்சேன், ஒன் போனுக்குத் தப்ப முடியல. புள்ளைக்கி முடியலன்னு சூப்பர்வைசர் வந்து சொல்லவும், பாதித் தொளையில மிசின நிப்பாட்டிட்டு ஓடியாந்தேன். மேனேஜர் பாத்துக்கிட்டே நிக்கிறாரு."

"என்ன சொன்னாருங்க?"

"நாளைக்கி உக்காரணும்னா, ஒன் சம்சாரம் இனிமே போன் பண்ண மாட்டேன்னு எழுதிக் குடுக்கணுமாம். நீதான் படிச்சவளாச்சே, எழுது."

எழுதினேன். 'என் கணவரைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன்' என்று தொடங்கி, பொய்யாகிவிடுமே என்று அடித்தேன். 'வேலை நேரத்தில் போன் செய்ய மாட்டேன்' என்று மாற்றினேன். அடித்தல் இருந்தால் மரியாதையில்லை என்று முழுவதையும் புதிய தாளில் எழுதினேன். 'அவசரம் தவிர' என்று சேர்க்கலாமா என்று கேட்டபோது, அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

நாற்காலி அவருக்கே கிடைத்தது. துளைகள் நேராக விழுந்ததால் என்கிறார் அவர். மற்ற இருவரில் ஒருவரின் மனைவி, ரேஷன் கடையில் என்னைத் தனியே அழைத்தாள்.

"அக்கா, நீங்க லெட்டர் எழுதித்தான் கெடச்சுச்சாமே. எங்க வீட்டுக்கும் ஒண்ணு எழுதித் தாங்களேன்."

அப்படியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாள் வாங்கி வரச் சொன்னேன். வாங்கிக் கொடுத்துவிட்டாள். யாருக்கு, என்னவென்று எழுதுவது என்றுதான் தெரியவில்லை.