ஒரு காலிக் கட்டமும் இருபத்திரண்டு பேரும்

ஆலங்காயம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில்தான் அந்த யோசனை என் தலையில் ஏறியது. சாக்பீஸ் வாங்க மலையிலிருந்து இறங்கியிருந்தேன். கடைக்காரரும், வாணியம்பாடிக்குப் போகவேண்டிய தோல் வியாபாரி பாய் ஒருவரும் ஒரு வாரப் பத்திரிகையை நடுவில் விரித்துக்கொண்டு, குறுக்கெழுத்துப் போட்டியோடு மல்லுக்கு நின்றார்கள்.

“நாலு கட்டம்யா! உன் வார்த்தைல அஞ்சு எழுத்து கீது. ஒரு எழுத்த இன்னா, நான் முழுங்கிட்றதா?” என்றார் பாய்.

“கட்டத்த கம்மியா போட்டவன் பத்திரிகைக்காரன். அதுக்கு நான் இன்னா பண்றது?” என்றார் கடைக்காரர்.

கண்டக்டர் கத்தினார்: “பாய், வண்டி எடுக்கிறோம். வர்றீங்களா, இல்லியா?”

“தோ வர்றேன்யா” என்று தலையைத் தூக்காமலே சொன்னார் பாய். பஸ் போயே போய்விட்டது. அடுத்தது மூன்று மணி நேரம் கழித்து. பாய் இன்னொரு டீ சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஐம்பது வயது மனிதரை ஒரு காலிக் கட்டம் பெஞ்சோடு கட்டிப்போடுமானால், எட்டு வயதுப் பிள்ளைகளைச் சாயங்காலம் வரைக்கும் கட்டிப்போடாதா?

அந்தக் கேள்வி எனக்கு உயிர் போகிற கேள்வி. ஜவ்வாது மலையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஓராசிரியர் பள்ளி. கூரை உண்டு, சுவர் மூன்று பக்கம் மட்டும். பதிவேட்டில் இருபத்திரண்டு பிள்ளைகள். காலையில் அத்தனை பேரும் வருவார்கள். பத்து மணிக்கு மேல் நாலாவது பக்கம் வழியாக ஒழுக ஆரம்பிப்பார்கள். ஒருத்தி தம்பியைத் தூக்கிக்கொள்ள, ஒருவன் சாமைக் கொல்லையில் குருவி ஓட்ட, ஒருவன் சும்மா. மதியம் கணக்குப் பாடத்துக்கு நானும் கரும்பலகையும் மிஞ்சுவோம்.

போன தடவை வந்த இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “மத்தியானத்துக்கு மேலே பிள்ளைகள் இருந்தால் இங்கே பள்ளிக்கூடம். இல்லையானால் வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி எழுதிவிடுவேன். என்றைக்கு வருவேன் என்று சொல்லமாட்டேன்.” பள்ளி போய்விட்டால் அடுத்த பள்ளி இரண்டு மலை தாண்டி. எட்டு வயதுக் கால்கள் அங்கே போகாது.

மறுநாள் காலை பலகையில் ஆறு கட்டம் போட்டேன். முதலில் ‘ப’, கடைசியில் ‘ம்’. நடுவில் நாலும் காலி. “நம்ம ஊரில் காய்ப்பது. விடை சாயங்காலம்” என்று அறிவித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகள் பலகையைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே போய்விட்டார்கள். வழக்கமாக ஒழுகுவார்கள், அன்றைக்கு மடையே உடைந்தது.

அரை மணி நேரத்தில் எனக்கு ஆள் வந்தது. ஊர்க்கவுண்டர் கூப்பிடுகிறாராம். போனால் பலா மரத்தடியில் ஊரே வட்டமாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் என் பிள்ளைகள், மண்ணில் கீறிய ஆறு கட்டங்களைச் சுற்றி.

“வாத்தியாரே, பசங்க ஒரு வழக்கு கொணாந்துகீதுங்க. அந்தக் கட்டத்துக்குள்ள இன்னா கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?” என்றார் கவுண்டர்.

“தெரியும்ங்க.”

“தெரிஞ்சத ஒளிச்சி வெச்சிக்கினு பச்சப் புள்ளைங்கள கேக்கறது எந்த ஊரு நாயம்?”

கூட்டம் தலையாட்டியது. பயிற்சிப் பள்ளியில் படித்த உளவியல் முழுவதையும் நினைவுபடுத்திப் பார்த்தேன். இதற்குப் பதில் அதில் இல்லை.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அங்கே ஆடு காணாமல் போனாலும், கல்யாணம் பேசினாலும், யாரும் தனியாக வாய் திறந்து முடிவு சொல்லமாட்டார்கள். வட்டமாக உட்கார்ந்து, எல்லோரிடமும் கேட்டு, ஒத்துப்போன பிறகு ஒரே வாய் பேசும். மற்றவர்களை முந்திக்கொண்டு பேசுவது மரியாதைக் கேடு. பிள்ளைகள் ஓடிப்போகவில்லை, முறைப்படி நடந்திருக்கிறார்கள்.

நான் என் கஷ்டத்தை, இன்ஸ்பெக்டர் சொன்னது உட்பட, கொட்டித் தீர்த்தேன். வட்டம் கொஞ்ச நேரம் முணுமுணுத்தது. கவுண்டர் தீர்ப்புச் சொன்னார்: “கட்டம் பள்ளிக்கூடத்துலயே கெடக்கட்டும். மணி அடிச்ச பொறவுதான் ஊருக்கு வரணும். அதுவரிக்கும் ஒரு புள்ளையும் வெளிய வரக்கூடாது.” எழுந்தவர் என் காதோரம் குனிந்தார். “பலாப்பழந்தான வாத்தியாரே?”

விடை அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு தந்திரமும் செய்தேன். ஒரு பாடம் முடிந்தால் ஒரு கட்டத்தைத் திறப்பேன். ‘லா’ வேண்டுமா, பெருக்கல் வாய்ப்பாட்டை முடி. பிள்ளைகள் எழுத்துக்காக ஏழாம் வாய்ப்பாட்டை விழுங்கினார்கள். மணி அடித்தால் வெளியே ஐந்தாறு பெரியவர்கள் தயாராக நிற்பார்கள். “இன்னைக்கி இன்னா கட்டம்?”

இன்ஸ்பெக்டர் வந்த நாளில் நான் போட்டிருந்தது ஐந்து கட்டம். ‘மலையில் பறிப்பது.’ அவர் மதியம் மூன்று மணிக்கு, செருப்புக் கடித்த காலோடு வந்து சேர்ந்தபோது, பலகையில் ஒரே ஒரு கட்டம்தான் காலி: க, காலி, க், கா, ய்.

தலைகளை எண்ணினார். இருபத்திரண்டு. நம்பாமல் மறுபடியும் எண்ணினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்போதுதான் அவர் முதல் வரிசைச் சிறுமியை எழுப்பி, “அந்தக் கட்டத்தில் என்ன எழுத்து?” என்று கேட்டார்.

அவள் பேசவில்லை. பக்கத்துப் பையனும் பேசவில்லை. நாலு பேரை எழுப்பினார். நாலு பேரும் தூணைப் பார்த்தார்கள்.

“என்னய்யா இது, ஆட்டு மந்தை மாதிரி உட்காரவைத்திருக்கிறீர். ஒன்றும் தெரியவில்லையே?”

“ஐயா, சேர்ந்து பேச ஒரு நிமிஷம் கொடுங்கள்.”

கொடுத்தார். இருபத்திரண்டு தலைகளும் ஒன்று சேர்ந்தன. முணுமுணுப்பு வளர்ந்தது, சண்டையானது, அடங்கியது. அந்தச் சிறுமி எழுந்தாள்.

“ரெண்டு வெட கீதுங்க சார். கடுக்காயும் ஒக்காருது, களாக்காயும் ஒக்காருது.”

இன்ஸ்பெக்டர் விரல் மடக்கி எண்ணினார். “மலைச் சரக்கு என்றால் கடுக்காய்தானே?”

“கடுக்கா பறிச்சா மூட்டைக்குப் போவுது சார். களாக்கா பறிச்சா வாய்க்குப் போவுது. நாங்க தெனம் பறிக்கறது அதான்.”

“எது சரி, வாத்தியாரே?”

நான் கீழ்நாட்டுக்காரன், மலைக்குக் கீழே சமவெளியில் வளர்ந்தவன். களாக்காய் என் புத்திக்கு எட்டவே இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் சாக்பீஸை வாங்கி இரண்டையும் எழுதிப் பார்த்தார். மணி அடித்ததும் பெரியவர்கள் உள்ளே வந்து, அவரையும் வட்டத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். அரை மணி நேரம் கடுக்காய்க் கட்சிக்கு அவர்தான் வக்கீல். தோற்றார்.

பார்வைப் புத்தகத்தில் இப்படி எழுதினார்: ‘வருகை திருப்தி. பள்ளி மூன்று மாதம் தொடரலாம். பிள்ளைகள் தனித்தனியே விடை சொல்வதில்லை. அடுத்த முறை ஒவ்வொருவராகச் சோதிக்கப்படுவார்கள்.’

மூன்று மாதத்துக்கு மட்டும்தான் உயிர். ஊரின் மரியாதையை உடைத்து ஒரு பிள்ளையை முந்திப் பேசவைக்க எனக்கு மனமில்லை, தைரியமும் இல்லை. கவுண்டரிடமே போய்க் கேட்டேன். யோசித்துச் சொன்னார்: “முடிவச் சொன்னாத்தான் தப்பு. அவனவன் பங்க அவனவன் சொல்றதுல தப்பில்ல.”

அது போதும் எனக்கு. வருகிற திங்கட்கிழமை பலகையில் ஒரு முழு வாக்கியம், இருபத்திரண்டு கட்டம், ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு சிலேட்டிலும் ஓர் எழுத்து விடுபட்ட சின்னச் சொல் இருக்கும்; விடுபட்டதுதான் பலகையில் அந்தப் பிள்ளையின் கட்டத்துக்கு உரிய எழுத்து. தன் எழுத்தைத் தானே கண்டுபிடித்து, எழுந்து நின்று, தன் வாயால் சொல்லவேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் வாக்கியம் நிறையாது.

இருபத்திரண்டு எழுத்தில் ஒரு வாக்கியம்தான் இன்னும் அகப்படவில்லை. இரண்டு எழுதிவைத்திருக்கிறேன், ஒன்றில் இருபது, மற்றதில் இருபத்தைந்து. இன்றைக்குச் சனிக்கிழமை.