எலும்பு கனம்

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் எடை மெஷினைக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் ஏறினால் முள் பதறிக்கொண்டு ஓடும். எட்டாவதில் என்னைவிடக் கனமாக இருந்தது தலைமையாசிரியரின் பீரோ மட்டும்தான். அந்தப் பெருமையில்தான் அன்றைய காரியத்தைச் செய்தேன்.

என் வகுப்பில் யானாதிப் பழங்குடிப் பெண் ஒருத்தி இருந்தாள். புத்தூர்ப் பக்கம் செங்கல் சூளை தொடங்கினால் குடும்பத்தோடு மண் மிதிக்கப் போய்விடுவாள். எடை பார்க்கும் அன்றும் அவள் வரவில்லை. டிரில் சார் தலை நிமிராமல் பெயர் வாசிப்பார், ஒரு பையன் முள்ளைப் பார்த்துச் சொல்வான், அவர் கார்டில் எழுதிவிட்டு, "தருவாத்த!" என்று தெலுங்கில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவள் பெயர் வந்ததும் நான் குரலை மெல்லிசாக்கி, "உள்ளேன் சார்" என்று இரண்டாம் முறை ஏறினேன். "அம்பத்திநாலு சார்." வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. சார் எழுதினார். தருவாத்த.

இரண்டு மாதம் கழித்து அவள் இருமலோடு திரும்பி வந்தாள். எடை குறைந்த பிள்ளைகளை மட்டும் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு வேனில் அனுப்பினார்கள். அவள் தானாகவே போய் ஏறி உட்கார்ந்தாள். சார் கார்டைப் பார்த்தார். "அம்பத்திநாலு கிலோ கீற, உனுக்கு இன்னாம்மா நோவு? எறங்கு." கணக்கு டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்துச் சந்தேகப்பட்டார். "அவுங்க ஆளுங்களே அப்டித்தான் டீச்சர். பாக்கத்தான் ஒல்லி, எலும்பு கனம்" என்றார் சார். என் எடையை விளக்க, அவள் இனத்துக்கே வேறு எலும்பு மாட்டிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொன்னால் பிரம்படி. ஓயாத என் வாய் அன்றைக்கு மட்டும் ஓய்வெடுத்துக்கொண்டது. அவள் இறங்கினாள்; வேன் போயிற்று. அந்த வருஷத்தோடு அவள் படிப்பும் போயிற்று.

இப்போது திருப்பதியில் ஓர் எக்ஸ்ரே சென்டரில் டோக்கன் கொடுக்கிறேன். எனக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. உட்கார்ந்து தின்றே சம்பாதித்தவை. போன மாதம் அவள் வந்தாள். என் வயதுதான், என் பெரியம்மா என்றால் நம்புவார்கள். அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "டேய் குண்டு, இன்னும் துன்னுகினே கீறியா?"

அவள் நுரையீரலில் இருக்கும் தழும்பு ரொம்பப் பழசு, சின்ன வயசிலேயே காட்டியிருந்தால் மருந்திலேயே தீர்ந்திருக்கும் என்றார் டாக்டர். "நாங்க யானாதிங்க சார், எங்க ஒடம்பே அப்டி" என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள்.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவைக்காமல் பேச எனக்குத் தெரியாது. அந்த மெல்லிசுக் குரலையும் எடுத்துக் காட்டினேன். "என் கொரலு அப்டியா கீது?" என்று சிரித்தாள். இருமல் வந்தது. சிரிப்பு நின்றது, இருமல் நிற்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி நின்றேன். அவள் வாங்கவில்லை.

மூச்சு திரும்பியதும் கேட்டாள். "அப்போ எங்க எலும்பு கனமில்லியா?"

"இல்ல."

"எம் பொண்ணும் ரெண்டு மாசமா இருமுறா. நம்ம ஒடம்பே அப்டித்தான்னு சொல்லி வுட்டுட்டேன்டா."

நான் எழுந்துபோய் மறுநாளின் முதல் டோக்கனை எடுத்து, மகளின் பெயரைக் கேட்டு எழுதினேன். "கண்டிப்பா அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"உன்னிய நம்பியா?" என்றாள். "நானே இட்டுகினு வரேன்."