அண்ணன் மூடிய ஒலிவாங்கி

இந்த நினைவு மலரின் முகப்பில் இருப்பது அண்ணனின் தேசிய அடையாள அட்டைப் படம். இதைவிட நல்ல படம் தேடினோம், கிடைக்கவில்லை. நாடறிந்த பாடகர்கள் ஏறிய மேடைகளில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவருக்கு, அவர்களோடு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. படம் எடுப்பவர்கள் மேடையைப் பார்த்து நிற்பார்கள். அண்ணனின் இடம் அவர்களுக்குப் பின்னால், சனத்தின் நடுவே, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியின் முன்.

அவர் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. உறவினரும் நண்பர்களும் அறிய அவரது வாழ்வைச் சுருக்கமாக எழுதுகிறேன். ஒரு செய்தியைத் திருத்தவும் வேண்டியிருக்கிறது.

கண்டி மாவட்டத்தில், தெல்தெனியவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் பிறந்தார். நாங்கள் இரு பிள்ளைகள். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு தேயிலைத் தொழிற்சாலையின் மின்சாரப் பகுதியில் சேர்ந்தார். நான் தொடர்ந்து படித்ததும், கொழும்பில் பத்திரிகையாளனானதும் அதனால்தான். அம்மா கொழுந்து பறிப்பதை நிறுத்தியதும் அதனால்தான்.

பிறகு கண்டியில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றில் வேலை கிடைத்தது. சில வருடங்களில், வெளிநாட்டிலிருந்து பெரிய பாடகர் எவர் கண்டிக்கு வந்தாலும் ஏற்பாட்டாளர்கள் அண்ணனைத்தான் கேட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

“அந்தப் பாட்டுக்காரரு நேர்ல எப்பிடி மாமா?”

“மைக்க ரொம்பக் கிட்டப் புடிப்பாரு.”

“அந்தம்மா? படத்துல மாதிரியே அழகா?”

“‘ப’ன்னு வந்தா மைக்ல காத்தடிக்கும். நான் கொஞ்சம் கொறைச்சு வைப்பேன்.”

இதற்கு மேல் யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் மேடையிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கலாம். மூச்சு வாங்குவது, இருமுவது, பக்கத்திலிருப்பவரைத் திட்டுவது எல்லாம் கேட்கும். அவர் கேட்டது அவரோடு நின்றது. அவருக்குத் திருமணம் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லவும் ஆள் இல்லை.

இனி அந்தச் செய்தி. கண்டி நகரில் ஒரு மாலை இசை நிகழ்ச்சி. தமிழகத்திலிருந்து வந்த புகழ்பெற்ற பாடகர். மூன்றாவது பாட்டின் உச்ச வரியில் அவரது குரல் திடீரென்று கேட்கவில்லை. வாத்தியங்கள் ஒலித்தன, பாடகரின் வாய் அசைந்தது. சனம் திரும்பி அண்ணனைப் பார்த்தது.

“டேய் மைக்செட்காரா, தூங்குறியா?”

வெற்றுப் போத்தல்கள் பறந்து வந்தன. ஏற்பாட்டாளர் மேடையேறி, ஒலியமைப்பாளரின் தவறுக்காக மன்னிப்புக் கேட்டார். பாடகர் இடைவேளை எடுத்தார். பிறகு இலேசான பாட்டுகள் சிலவற்றைப் பாடி முடித்தார்.

மறுநாள் காலை கொழும்பிலிருந்து கடைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“என்னண்ணே நடந்துச்சு?”

“எம்மேலதான்டா பிழை. வயர பாக்காம வுட்டுட்டேன்.”

“அப்பிடியே போடவா?”

“போடு. பேர மட்டும் போடாத. அம்மாவுக்கு யாராச்சும் வாசிச்சுக் காட்டுவாங்க.”

ஒலியமைப்பாளரின் கவனக்குறைவால் நிகழ்ச்சி தடைப்பட்டது என்று எழுதினேன். பெயர் இல்லை. ஆனால் கண்டியில் அது யாரென்று தெரியாதவர் இல்லை. ஒரு சம்பவத்தை எழுதுமுன் இரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் ஒருவரிடம் மட்டும் கேட்டேன். சொந்த அண்ணனையும் விட்டுவைக்கவில்லை என்று பத்திரிகை ஆசிரியர் தோளில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு பெரிய நிகழ்ச்சிகளுக்கு அண்ணனை எவரும் அழைக்கவில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழா, கோயில் திருவிழா, செத்த வீடு என்று ஒலிபெருக்கி கட்டினார். அம்மா காலமான பின் கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறையில் தனியே இருந்தார். அங்கே ஒரே ஒரு கதிரை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் போனால் அவர் கட்டிலில் அமர்வார். மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசுவோம். அறையில் வானொலி கிடையாது. அந்த மாலையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இறுதிக் கிரியை நாளில் கலகெதரவிலிருந்து ஒருவர் வந்தார். அன்று அந்தப் பாடகருக்குத் தபேலா வாசித்தவர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். என்னைத் தனியே அழைத்தார். அண்ணனை ‘நானா’ என்பது அவர்கள் பேச்சு.

“பேப்பர்ல எழுதின தம்பி நீங்க தானே?”

“ஆமா.”

“அன்டைக்கி வயர்ல ஒன்டும் பிழையில்ல. பாட்டுக்காரர்ட தொண்டதான் ஒடைஞ்சு போன. அது வெளிய வர முந்தி ஒங்கட நானா மைக்க மூடிட்டார். மேடைல பக்கத்துல இரிந்த எனக்கு நல்லா வெளங்கின.”

“நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொல்றன்டுதான் போன. ‘நீங்க தபேலாவ பாருங்க நானா, பழிய நான் பாத்துக்கிறேன்’ன்டு சிரிச்சார். அந்த மனுசன் இன்னம் பாடித் திரியிறதே அதால தான்.”

இம்முறை இரண்டாவது ஆளையும் தேடினேன். அன்று மேடையின் ஓரத்தில் நின்ற அறிவிப்பாளரும் குரல் உடைந்ததைக் கேட்டிருக்கிறார். அண்ணன் சொல்லாமல் வைத்ததை அச்சில் போடலாமா என்று பல மாதங்கள் யோசித்தேன். தபேலாக் கலைஞரிடமே கேட்டேன். “எழுதுங்க தம்பி. பாட்டுக்காரர்ட பேர் மட்டும் வாணாம்” என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன். பெயரை ஊகித்தவர்களும் அண்ணனுக்காக அதைத் தங்களோடு வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கடைசி ஆறு மாதம் அண்ணனுக்குச் சிறுநீரக நோய். வாரந்தோறும் தமது முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்ற மடவளை நண்பருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கும், இரவும் பகலும் பார்த்த தாதியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த தோட்டத்து உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர்கள் செய்தவற்றில் பாதி நான் செய்திருக்க வேண்டியவை.

திருத்தம்: கண்டி இசை நிகழ்ச்சி ஒலியமைப்பாளரின் கவனக்குறைவால் தடைப்பட்டது என்று முன்னர் வெளியான செய்தி பிழையானது. வயர்கள் யாவும் சரியாக இருந்தன. ஒலியமைப்பாளர் தமது வேலையைக் கவனமாகச் செய்தார். செய்தியை எழுதிய அவருடைய தம்பி செய்யவில்லை.